காளி வேஷமும் கழுத்துச் சுரப்பியும்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பொட்டலத்தின் மேல் சீரகம், சோம்பு, கடுகு என்பதுதான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. தோன்றியதைப் போட்டிருக்கிறேன், படிக்கிறவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். இதையே ஆவணி மாதத்தில் எழுதியிருந்தால், கை நடுங்குகிறது என்று ஒரு சாக்காவது சொல்லியிருப்பேன். இப்போது கை நடுங்கவில்லை. எழுத்து மட்டும்தான் நடுங்குகிறது.

இதை வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வழியில்லை. நான் கூச்சக்காரன். பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வரும்போது இறங்கணும் என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்குகிற அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். தூத்துக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். அந்த ஊரில் இருந்துகொண்டு, கல்யாணப் பந்தியில் இலைக்கு உப்பு வைக்க மறந்துவிட்டார்கள் என்றால், கேட்காமல் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. மார்க்கெட் பக்கத்தில் உடன்குடிக்கார அண்ணாச்சி ஒருவரின் பலசரக்குக் கடை. முன்னால் நின்று பேசி விற்க வேறு ஆட்கள் உண்டு. நான் பின்கட்டில் நிறுத்துப் பொட்டலம் மடித்து நூல் கட்டுகிறவன். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு என் கையைத்தான் தெரியும், முகம் தெரியாது. வீட்டில் பால்காரரிடம், கரண்டு ஆபீசில், ரேஷன் கடையில் பேசுவதெல்லாம் என் மனைவி. நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு இந்த வருஷம் சித்திரை வெயிலோடு சேர்ந்து ஒன்று வந்தது. வெயில் காலமாகப் போனதால் யாரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் வியர்த்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வியர்த்தது. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தும் அனல் அடித்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று தோன்றும். ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சட்டை என்மேல் கிடந்த விதம் கொடியில் காய்ந்த மாதிரி இருந்தது. தின்கிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று மனைவி கேட்டாள். நெஞ்சுக்குள்ளே, பைக்குள் போட்ட உயிர் மீன் மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. நூல் முடிச்சு விரல் நுனியில் நழுவ ஆரம்பித்தது. முடிச்சு சரியில்லை என்று அண்ணாச்சி ஒருநாள் பின்கட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதோடு பேச்சும் வந்தது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது.

முதலில் மாட்டியவர் எங்கள் தெரு முக்கில் அலுமினியச் சட்டியோடு உட்காரும் மீன்காரம்மா. என் மனைவி சாளை மீன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பையோடு நின்றேன். திடீரென்று என் வாய் தானாகத் திறந்தது. கண்ணு குழிந்திருக்கிறது, செவுள் வெளுத்திருக்கிறது, இது நேற்றைய மீன், ஐஸில் கிடந்து வந்திருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். நிறுத்தவே முடியவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மீன்காரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"இவரு உங்க வீட்டுக்காரரா? இத்தன வருசமா ஊமன்னுல்லா நெனச்சேன்."

அன்றையிலிருந்து அவருக்கு நான் சாளைக்காரர்.

அதே வாரத்தில் ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, குழம்பு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான், வெளியே வந்தது அன்றைக்குத்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி சூடாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு தசரா குழு உண்டு. கடற்கரை ஊரான குலசையில் இருக்கிற அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கடலில் குளித்து மாலை போட்டு, விரதம் இருந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, மேளத்தோடு வீதி வீதியாகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசியில் கோயிலில் கொண்டு சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ராஜா, குரங்கு, குறத்தி, போலீஸ் என்று எதையும் கட்டலாம். காளி வேஷம் மட்டும் லேசில்லை. கிரீடம் கனக்கும், முதுகில் கட்டுகிற கைகள் அதைவிடக் கனக்கும். அதைக் கட்டிக்கொண்டு மேளத்துக்கு ஆடவும் வேண்டும். விரதமும் அதற்குத்தான் கடுமை. எங்கள் குழுவில் என் வேலை வேனுக்குப் பின்னால் தண்ணீர் கேனைப் பார்த்துக்கொள்வது.

வழக்கமாகக் காளி கட்டுகிறவர் இந்த வருஷம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். டீக்கடையில் குழு கூடி யார் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மச்சினி கல்யாணம்.

"நான் கெட்டுதேன்," என்றேன்.

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டார். குழுத் தலைவர் ஐஸ் கம்பெனி லாரி ஓட்டுகிறவர், எனக்கு மச்சான் முறை. அவர் என் முகத்தையே பார்த்தார். என் கண் அப்போது வெளியே பிதுங்க ஆரம்பித்திருந்தது. டம்ளர் பிடித்திருந்த கை நடுங்கியது. வேர்வை ஓடியது. அவர் மெதுவாக எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மனே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று சொன்னார்.

அதன் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். மாலை போட்டதும் தெருவில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், அது என் கையில் ஆடுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணுக்கு மை வைத்துப் பார்த்த ஒப்பனைக்காரர், இவருக்கு மையே தேவையில்லை, கண்ணே போதும் என்று டப்பாவை மூடினார். நடுக்கம், அனல், உறக்கமில்லாமை, முறைக்கிற கண், ஓயாத பேச்சு என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஆளிடம் வந்தால் வேறு ஊரில் என்ன நினைப்பார்களோ தெரியாது. தசரா நேரத்தில் எங்கள் ஊரில் நினைப்பது ஒன்றைத்தான். நானும் அதையே நினைத்தேன். ஊமை என்று பேர் வாங்கியவனுக்கு அம்மன் வாய் கொடுத்தாள் என்றால், நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

என் மனைவி மட்டும் நம்பவில்லை. அவள் பக்திக்குக் குறைவில்லை. ஆனால் அவள் குழுத் தலைவரிடம் கேட்டது இதுதான்:

"அம்மன் வந்தா வருவா, போவா. இவருக்குப் பல்லு தேய்க்கும்போதும் நடுங்குது. அம்மனுக்குப் பல்லு தேய்க்க நேரம் இருக்கா?"



ஆவணியில் ஒருநாள் காலையில் கிரீடம் வைத்து ஒத்திகை பார்த்தோம். மேளம் வேகம் பிடித்தபோது நெஞ்சுக்குள் இருந்த மேளம் தனியாக வேறு ஒரு அடி அடித்தது. தாளமே இல்லை. இரண்டு அடி சேர்ந்து விழும், அப்புறம் ஒன்றையும் காணோம், அப்புறம் மூன்று. மூச்சு மேலே வரவில்லை. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். குழுவுக்குப் பரம சந்தோஷம். மஞ்சள் தண்ணீரை ஊற்றி, வேப்பிலையை வாயில் வைத்து, குலவை போட்டார்கள். என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை, முகத்தில் மஞ்சள் தண்ணீர், வாயில் வேப்பிலை, இந்தக் கோலத்தில்தான் நான் முதன்முதலாக இருதய டாக்டரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்ன வயசு. சிரிக்காமல் என் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஈசிஜி எடுக்கும்போது நான் பேசிக்கொண்டே இருந்ததால் நர்ஸ் இரண்டு தடவை அதட்டினார். வந்த தாளைப் பார்த்தேன். ஈர மணலில் நண்டு ஓடின தடம் மாதிரி இருந்தது. என் கையெழுத்தும் அப்படித்தான் இருக்கும். என் இருதயமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது போல என்று சொன்னேன். அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். பிறகு என் தொண்டையைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி, ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வந்த பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு என்று பேர். உடம்பு தின்றதை எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்று அது சுரக்கிற ஹார்மோன்தான் சொல்லும். எனக்கு அது அளவுக்கு மேல் சுரக்கிறது. விசைப்படகில் எஞ்சினை முழு வேகத்தில் வைத்துவிட்டு ஓட்டுகிறவன் உறங்கிப்போனால் எப்படி, அப்படி. டீசல் தீர்கிறது, அதுதான் இளைப்பு. எஞ்சின் சூடாகிறது, அதுதான் வேர்வை. படகு அதிர்கிறது, அதுதான் கை நடுக்கம். இதில் பாவப்பட்டது இருதயம். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. விரட்டி விரட்டி, இப்போது அதன் மேல் அறைகள் ஒழுங்காக அடிப்பதை விட்டுவிட்டுச் சும்மா நடுங்குகின்றன. அங்கே ரத்தம் தேங்கினால் உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிடும், வாயும் கோணிப் பேச்சு நின்றுவிடும்.

பேச்சு என்றதும் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

இந்த ஹார்மோன் குறைந்தால் நல்லதா என்று மனைவி கேட்டாள். அதுவும் ஆகாதாம். குறைந்தால் இருதயம் மந்தமாகும், ரத்தத்தில் கொழுப்பு ஏறும். ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அதுதான். கூடினாலும் குறைந்தாலும் கடைசியில் அடி விழுவது இருதயத்துக்கு. ஆகையால் அடிக்கடி ரத்தம் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றார். எனக்கு மூன்று விதமான மாத்திரை. சுரப்பியை அடக்க ஒன்று, இருதயத்தின் ஓட்டத்தைக் குறைக்க ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. சுரப்பி அடங்கிவிட்டால் இருதயம் தானாகவே தாளத்துக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

விஷயம் கேள்விப்பட்டுக் குழுத் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, அம்மன் இல்லை என்று சொல்லுகிறீர்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"அம்மனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அண்ணாச்சி. இவரு தொண்டையில இருக்கறத மட்டும்தான் சொல்லுதேன்."

காளி வேஷம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கனமும் ஆட்டமும் இருதயத்துக்கு ஆகாது. பட்டினி கூடாது. வெறுங்காலில் நடக்கவும் கூடாது. ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவனுக்குக் காலில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தினாலும் ரத்தம் லேசில் நிற்காதாம். நானோ நேர்ந்து மாலை போட்டுவிட்டேன். தசராவுக்கு இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேலே இருந்தது.

மாத்திரை வேலை செய்தது. முதலில் கை நடுக்கம் நின்றது. நூல் முடிச்சு நழுவாமல் இறுகி விழுந்தது. உறக்கம் வந்தது. மூச்சு சீரானது. பிறகு ஒருநாள் பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அந்தப் பேச்செல்லாம் என் பேச்சு இல்லையா? சுரப்பியின் பேச்சா? குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னதும் அதுதானா?

அன்று சாயங்காலம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். தசரா முடியும்வரை விட்டுவிட்டால் வாயும் திரும்பும், காளியும் கட்டலாம் என்று ஒரு கணக்கு ஓடியது. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பேசுதவரு இருந்தது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குன்னு இருக்குதவரே போயிட்டா, நான் யாரப் பேசச் சொல்லுவேன்?"

நான் தண்ணீர் கேட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

வழியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். நேர்ந்தது வேஷம், அது காளியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே. பிச்சைக்காரன் வேஷம் கட்டலாம். அதற்குக் கிரீடம் கிடையாது, ஆட்டம் கிடையாது. காலில் கந்தல் துணியைச் சுற்றிக் கட்டினால் செருப்பு போட்ட பாவமும் இல்லை, வெறுங்காலும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது வேஷத்தோடு வேஷம். டாக்டரம்மா துணியை எத்தனை மடிப்பாகக் கட்ட வேண்டும் என்பது வரைக்கும் சொல்லி, ஒரு பொழுது விரதம் வேண்டாம், வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும் என்று என்னை ஒப்புக்கொள்ள வைத்தார். குழுத் தலைவரும் சம்மதித்தார். ஒன்றை மட்டும் சொன்னார்.

"மச்சான், கேட்டு வாங்கணும். கேக்காம தட்டுல விழுந்தா அது வெறும் தர்மம். நேர்த்திக்கடன் ஆகாது."

அங்கேதான் நான் மாட்டினேன். காளிக்கு என்ன, கண்ணை உருட்டினால் ஜனம் தானாகக் காணிக்கை போடும். பிச்சைக்காரன் வாயைத் திறக்க வேண்டும். கூச்சக்காரனுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேஷத்தை, லேசான வேஷம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன்.

தசராவுக்கு முன்னால் ஒருமுறை ஈசிஜி எடுத்தார்கள். நண்டுத் தடம் போய், நான் கட்டுகிற பொட்டல வரிசை மாதிரி ஒழுங்காக இருந்தது. டாக்டரம்மா எனக்கு மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வேகமாக அடித்தால் பயப்பட வேண்டாம், தாளம் தப்பினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்.

கிளம்பினோம். முன்னால் குரங்கு குதித்தது, ராஜா நடந்தார், எனக்குப் பதிலாகக் கட்டிய புதுக் காளி முறைத்தார். முகத்தில் கரி பூசி, காலில் கந்தல் சுற்றி, தட்டோடு நான் கடைசியில் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். வாய் வரவில்லை. இரக்கப்பட்டுச் சிலர் போட வந்தார்கள், நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கேட்காமல் வாங்கக் கூடாதே. பிச்சை வாங்க மறுக்கிற பிச்சைக்காரனை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது. எங்கள் அண்ணாச்சி கடை வாசலிலும் வெறும் தட்டு. குரங்கு திரும்பி வந்து, ஏலே என்னல செய்யுத என்று பல்லைக் கடித்தது.

ஊர்வலம் தெரு முக்குக்கு வந்தது. மீன்காரம்மா சட்டியோடு உட்கார்ந்திருந்தார். கரிக்குள்ளே என்னை எப்படி அடையாளம் கண்டாரோ தெரியாது.

"நம்ம சாளைக்காரருல்லா! அன்னைக்கு எம் மீனுக்கு இருக்குத நோவெல்லாம் சொன்னீரே, இன்னைக்கு வாயில கொழுக்கட்டையா?"

பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வாளித் தண்ணீரில் கையை அலம்பி, முந்தானையில் துடைத்து, இடுப்புச் சுருக்குப் பையை எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் அவிழ்க்கவில்லை. கேட்டால்தான் போடுவேன் என்று உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரத்தில் என் மனைவி தண்ணீர் கேனோடு நின்றாள். இந்த வருஷம் என் பழைய வேலை அவளுக்கு. அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"தாயே, அம்மனுக்குக் காணிக்கை போடுங்க."

"மேளச் சத்தத்துல கேக்கலவே."

மேளம் அப்போது அடிக்கவே இல்லை. மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன். இந்தத் தடவை கடல் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். டீக் குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றினார். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயந்துபோய் மணிக்கட்டில் விரலை வைத்தேன். வேகமாகத்தான் அடித்தது. ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று, வரிசை தப்பாமல் அடித்தது. அது சுரப்பி இல்லை. கூச்சத்தில் நானே அடித்துக்கொண்ட மேளம்.

மீன்காரம்மா பையை அவிழ்த்துத் தட்டில் போட்டார். எங்க மாதாவுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடும், அப்புறம் விரதம் முடிஞ்சா சாளை வாங்க வாரும், ஆனா கண்ணு செவுளு பாக்கக் கூடாது என்றார். அதன் பிறகு வீதி முடியும்வரை ஒவ்வொரு வாசலிலும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் கேட்டுத்தான் வாங்கினேன். குலசையில் கொண்டுபோய்ச் சேர்த்து மாலையைக் கழற்றினேன்.

இப்போதும் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குகிறேன். நடப்பது இருதயத்துக்கு நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறார். சுரப்பி அடங்கியிருக்கிறது, மாத்திரை குறைந்திருக்கிறது. ஆனால் குழம்பு நன்றாக இருந்தால் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அப்போதுதான் சொன்னது நான் என்று அவளுக்கு நம்பிக்கை வருகிறது. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

கார்த்திகை மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு.